வினோத உடைப் போட்டிக்குப் புள்ளிமான் உடை: நான்கு வயது மகளுக்கு வீட்டிலேயே தைப்பது எப்படி?

உப்புவெளி வாசி:
அனைவருக்கும் வணக்கம். எனது மகளின் முன்பள்ளியில் அடுத்த மாதம் வினோத உடைப் போட்டி நடைபெறவிருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் மேய்ந்து திரியும் மான்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளையாதலால், தான் புள்ளிமானாகத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். வாடகைக்குக் கிடைத்த மான் உடையொன்றைப் பார்த்தேன். மயிர் வைத்த தடித்த பொலியெஸ்ரர் துணி, முதுகு முழுவதும் நீளும் சிப், தலையை மூடும் முகமூடி என்று இருந்த அதை இந்த வெயிலில் பிள்ளைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் பழைய, கையால் சுற்றும் சிங்கர் தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது. தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்த அனுபவம் உண்டு; சட்டை வெட்டிய அனுபவம் இல்லை. மகளின் உயரம் 103 சென்ரிமீற்றர், மார்பளவு 55, தலைச் சுற்றளவு 50, தோளிலிருந்து முழங்கால் வரை 54. என்ன துணி வாங்க வேண்டும், எப்படி வெட்ட வேண்டும், புள்ளிகளை எப்படிப் போட வேண்டும் என்பவற்றைத் தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

மட்டிக்களி தையற்காரி:
தங்கச்சி, தலையணை உறை தைக்கத் தெரிந்தவருக்கு இது கடினமான வேலையே அல்ல. வினோத உடை என்றதும் பலரும் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பாகத் தைக்க நினைக்கிறார்கள். அப்படித் தைத்தால் கவட்டுப் பகுதியை வெட்டுவது கடினம். பிள்ளை மலசலகூடத்துக்குப் போவது அதைவிடக் கடினம். எனவே அவளுடைய வெள்ளை ரீசேட்டுக்கும் கட்டைக் களிசானுக்கும் மேலாகப் போடக்கூடிய, கையில்லாத, தளர்ந்த, முழங்கால் வரை வரும் ஒரு மேற்சட்டையை மட்டும் தையுங்கள். மானுக்குரிய அடையாளத்தைப் புள்ளிகளும் வாலும் காதுகளும் கொடுத்துவிடும்.

துணிக்கு மண்ணிறக் கொட்டன் பொப்லின் போதும். 115 சென்ரிமீற்றர் அகலமான துணியென்றால் ஒரு மீற்றரில் சட்டை, காது, வால், கழுத்துக்கான நாடா எல்லாமே அடங்கும். 90 சென்ரிமீற்றர் அகலமென்றால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து வெட்ட வேண்டியிருப்பதால் ஒன்றேகால் மீற்றர் வாங்குங்கள். கடையில் யார்க் கணக்கில் கேட்டீர்களானால், ஒரு யார் என்பது 91 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும் அளவே என்பதை மறந்துவிட வேண்டாம். வாங்கிய துணியை முதலில் நனைத்து உலர்த்தி அயர்ன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும். கொட்டன் முதல் சலவையிலேயே சுருங்கும்.

இப்போது வெட்டு. மார்பளவு 55. அதில் பாதி இருபத்தேழரை. தளர்வுக்கு ஏழரை சேர்த்தால் 35. இரண்டு பக்கத் தையலுக்கும் ஒன்றரை ஒன்றரையாக 3 சேர்க்க 38 ஆகும். இதுதான் அக்குளுக்குக் கீழே ஒரு பக்கத் துணியின் அகலம். அங்கிருந்து கீழ்நோக்கி விரிந்துகொண்டே போய் அடியில் 48 ஆக வேண்டும். இந்த விரிவு இல்லாவிட்டால் பிள்ளையால் குந்தவும் முடியாது, ஓடவும் முடியாது. நீளம் 54, அதனுடன் தோள் தையலுக்கு ஒன்றரையும் அடி மடிப்புக்கு 3 சென்ரிமீற்றரும் சேர்த்தால் ஐம்பத்தெட்டரை. தோளிலிருந்து அக்குள் வரை 16 இறக்குங்கள். தோள் ஒவ்வொன்றும் 6 சென்ரிமீற்றர் இருந்தால் போதும்.

கழுத்தில்தான் புதிதாகத் தைப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். கழுத்தின் அளவுக்கு வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தலை நுழையாது. கழுத்து அகலத்தை 12 சென்ரிமீற்றராகவும், முன் இறக்கத்தை ஐந்தரையாகவும், பின் இறக்கத்தை ஒன்றரையாகவும் வெட்டி, அரைச் சென்ரிமீற்றர் உள்ளே தைத்து மடித்தால் சுற்றளவு ஏறக்குறைய 34 வரும். உங்கள் மகளின் தலை 50. ஆகவே பின்புறத்தில் 12 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு பிளவு விடுங்கள். பிளவின் இரண்டு கரைகளும் திறக்கும்போது 24 சென்ரிமீற்றர் கூடுவதால் மொத்தம் 58 ஆகித் தலை தாராளமாக நுழையும். பிளவின் மேல்முனையில் ஒரு பொத்தானும் நூல் வளையமும் வைத்தால் போதும்.

கழுத்தையும் கைக்குழியையும் முடிக்க, துணியின் மூலைவாட்டில் 3 சென்ரிமீற்றர் அகல நாடாக்களை வெட்டிக்கொள்ளுங்கள். நேர்வாட்டில் வெட்டிய நாடா வளைவில் படிந்து கிடக்காமல் சுருக்கம் விழுத்தும். தைத்த பின் வளைவு நெடுகிலும் சிறுசிறு வெட்டுகள் போட்டுத்தான் உட்பக்கம் மடிக்க வேண்டும்; அந்த வெட்டுகள் தையல் நூலைத் தொடக்கூடாது.

மூதூர்க்காரன்:
ஒரு மணி நேரப் போட்டிக்கு இவ்வளவு கணக்கா? வாடகைக்கு எடுத்துப் போட்டுவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தால் வேலை முடிந்தது. எனது மகனுக்கு நான் அப்படித்தான் செய்யப் போகிறேன். தைப்பதற்கு நேரம் உள்ளவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது வாய்க்காது.

நிலாவெளி ரீச்சர்:
முன்பள்ளி ஆசிரியை என்ற முறையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். போட்டி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை அந்த உடுப்போடு காலையில் வந்து, வரிசையில் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்து, பரிசு கொடுத்து முடியும் வரை இருக்க வேண்டும். மேடையில் அழும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கூட்டத்தைக் கண்டு பயந்து அழுவதில்லை என்பது எனது அபிப்பிராயம். உடுப்பு கடிக்கிறது, வியர்க்கிறது, முகமூடிக்குள் கண் தெரியவில்லை, அல்லது சிறுநீர் கழிக்க வேண்டும், ஆனால் அதைக் கழற்ற யாரும் பக்கத்தில் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது ஊர் வெப்பம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மயிர்த்துணி போட்ட பிள்ளையின் கழுத்தடியில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

மட்டிக்களி அக்கா சொன்ன மேற்சட்டை முறைதான் மிகச் சரியானது. ஒரேயொரு விடயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பிளவைப் பின்னால் வைத்தால் பிள்ளையால் தானாகக் கழற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரியவரைத் தேடி வர வேண்டும். அதை முன்னால் வைத்து, பொத்தானுக்குப் பதிலாக வெல்குரோ தைத்தால் நான்கு வயதுப் பிள்ளை தானே திறந்து மூடும். இன்னுமொன்று: கழுத்தில் கயிறோ நாடாவோ கட்டும் விதமாக எதையும் தைக்காதீர்கள். ஊஞ்சலிலோ சறுக்கு மரத்திலோ கதவுப் பிடியிலோ அது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் சிறுவர் ஆடைகளுக்கென உள்ள ஈஎன் 14682 என்னும் நியமம், 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் ஆடையில் தலைமூடியிலும் கழுத்துப் பகுதியிலும் இழுகயிறுகள் இருக்கவே கூடாது என்கிறது. வினோத உடைக்கு வந்ததும் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அரசனின் மேலாடை, பறவையின் சிறகு, அனுமாரின் வால் என்று எல்லாவற்றையும் கழுத்தில்தான் முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

மட்டிக்களி தையற்காரி:
ரீச்சர் சொல்வது நியாயம். பிளவை முன்னுக்கு மாற்றலாம், வெட்டில் வேறு எந்த மாற்றமும் தேவையில்லை. வயிற்றுப் பகுதிக்கு வெள்ளைத் துணி வைத்துத் தைப்பதாக இருந்தால் பிளவு அந்த வெள்ளைக்குள் மறைந்தும் போகும். வெல்குரோவின் மென்மையான பகுதி கழுத்துப் பக்கமாகவும், கொக்கி உள்ள பகுதி வெளிப்பக்கம் பார்த்தபடியும் வர வேண்டும்; மாறித் தைத்தால் தோலை உரசும். வாலையும் வெல்குரோவினாலேயே பொருத்துங்கள். முன்பள்ளியில் வால் என்று ஒன்றைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்காத பிள்ளை கிடையாது. இழுத்தவுடன் வால் கழன்று வந்துவிட்டால் சட்டையும் கிழியாது, பிள்ளையும் விழாது.

கோட்டைவீதி அவதானி:
தையல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த மான்களை நாள்தோறும் பார்ப்பவன் என்ற வகையில் புள்ளிகள் பற்றிச் சொல்லலாம். பலரும் மண்ணிறத் துணியில் கண்டபடி வெள்ளைப் பொட்டுகளை ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மானுக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். புள்ளிமானின் முதுகுத்தண்டு வழியே கருமையான ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளிகள் ஒழுங்கான வரிசையாக இருக்கும். விலாப்பக்கத்தில் அவை சிதறிக் கிடக்கும். அடிவயிற்றுக்குச் சற்று மேலே மீண்டும் வரிசையாகி, தூரத்திலிருந்து பார்க்கும்போது விட்டுவிட்டுப் போட்ட கோடுபோலத் தெரியும். தொண்டையும் வயிறும் வாலின் அடிப்பக்கமும் வெள்ளை. குட்டியிலிருந்து கிழமாகும் வரை இந்தப் புள்ளிகள் மறைவதில்லை. வேறு பல மான் இனங்களில் குட்டிகளுக்கு மட்டுமே புள்ளி இருக்கும். ஆகவே சட்டையின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கரும் மண்ணிறக் கோடும் அதன் இருபுறமும் வரிசையாகப் புள்ளிகளும் வைத்தாலே நம்மூர் மான் என்பது எவருக்கும் விளங்கிவிடும்.

ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை:
பிள்ளை, மண்ணிறத் துணி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் பழைய வெள்ளைக் கட்டில் விரிப்பு இருந்தால் அதைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து எடுக்கலாம். பலமுறை துவைத்துத் தேய்ந்த கொட்டன் பிள்ளையின் தோலுக்குப் புதுத் துணியைவிட இதமாக இருக்கும். அது இனிச் சுருங்கவும் மாட்டாது. ஆனால் விரிப்பு முழுக் கொட்டனாக இருக்க வேண்டும். பொலியெஸ்ரர் கலந்த துணியில் தேயிலை சரியாகப் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பீங்கானின் மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். கொட்டன் கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கடினமான கருமணியாகிவிடும்.

ஒரு மீற்றர் துணிக்கு 3 லீற்றர் நீரில் 50 கிராம் தேயிலைத் தூளைப் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து வடித்துக்கொள்ளுங்கள். வடிக்காமல் துணியைப் போட்டால் தூள் ஒட்டிய இடமெல்லாம் கரும்புள்ளிகள் விழும். நமக்கு வேண்டியது வெள்ளைப் புள்ளிகள். துணியை முதலில் சாதாரண நீரில் நனைத்துப் பிழிந்த பின்பே சாயத்தில் இட வேண்டும். உலர்ந்த துணியை இட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அவ்வப்போது புரட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஊற விடலாம். பாத்திரம் அலுமினியமாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் செய்தால் தேயிலையிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து துணி சாம்பல் கலந்த கருமைக்குப் போய்விடும். ஆனால் அதே காரியத்தை முதுகுக் கோட்டுக்கு மட்டும் வேண்டுமென்றே செய்து பார்க்கலாம் என்பதும் எனது மனதில் இருக்கிறது. ஈரத்தில் காணும் நிறம் உலர்ந்ததும் வெளிறும். ஆகவே விரும்பியதைவிடக் கருமையாகத் தெரியும்போதுதான் எடுக்க வேண்டும். தேயிலை தருவது வெளிறிய மண்ணிறம்தான். மானின் செந்நிறம் அப்படியே வேண்டும் என்பவர்கள் கடைத்துணிதான் வாங்க வேண்டும்.

பத்திக் முறையில் புள்ளி போடலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். மெழுகுதிரியை உருக்கிப் புள்ளியிட்டுவிட்டுத் தோய்த்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும் என்பது சரிதான். ஆனால் சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும், ஆறவிட்டால் நிறம் பிடிக்க நெடுநேரம் ஊற வேண்டும். பிறகு மெழுகை எடுப்பது தனி வேலை. சிறு பிள்ளையின் ஒரு சட்டைக்கு இவ்வளவும் தேவையில்லை. துணிக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தை வாங்கி, கரட்டைக் குறுக்கே வெட்டி அதன் முகத்தில் மெல்லப் பூசிக்கொண்டு துணியில் ஒற்றுங்கள். கரட்டின் தடித்த பக்கத்தில் பெரிய புள்ளி, மெல்லிய பக்கத்தில் சிறிய புள்ளி என்று ஒரே கரட்டில் எல்லா அளவும் கிடைக்கும். ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, துணியின் பின்பக்கமாக அயர்ன் பண்ணினால் வர்ணம் நிலைக்கும். வர்ணப் போத்தலில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

உப்புவெளி வாசி:
ரீச்சர்மாருக்கும் மட்டிக்களி அக்காவுக்கும் மிக்க நன்றி. கரட் யோசனையைக் கேட்டதும் மகள், தானே ஒற்றுவேன் என்கிறாள். வரிசைப் புள்ளிகளை நான் வைத்துவிட்டு விலாப்பக்கத்துச் சிதறிய புள்ளிகளை அவளிடம் விடலாம் என்றிருக்கிறேன். சட்டையைத் தைத்த பிறகு புள்ளி போடுவதா, அதற்கு முன்பா?

மட்டிக்களி தையற்காரி:
முன்பு, கட்டாயம் முன்பு. வெட்டிய இரண்டு துண்டுகளும் மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதுதான் புள்ளி, முதுகுக் கோடு, வயிற்றுத் துணி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பக்கங்களை மூடிய பிறகு வர்ணம் ஒற்றினால் அது ஊடுருவி மறுபக்கத்தையும் கறைப்படுத்தும். ஒற்றும்போதும் துணிக்குக் கீழே பழைய கடதாசி விரியுங்கள். வர்ணம் உலர்ந்ததும் தோள்களை இணைத்து, கழுத்தையும் பிளவையும் முடித்து, பின்பக்கத்தில் வாலுக்குரிய வெல்குரோத் துண்டைத் தைத்து, கைக்குழிகளுக்கு நாடா வைத்து, அதன் பிறகு பக்கங்களை மூடி, கடைசியில் அடியை மடியுங்கள். வால் பிடரியிலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே வரட்டும். நீளம் 18 போதும். மேல்பக்கம் மண்ணிறம், அடிப்பக்கம் வெள்ளை. உள்ளே பஞ்சை இறுக அடைக்க வேண்டாம். பிள்ளை உட்காரும்போது குத்தும்.

கையால் சுற்றும் இயந்திரத்தில் ஒரு கை சில்லைச் சுற்றவும் மறு கை துணியை நடத்தவும் வேண்டியிருப்பதால், கழுத்து வளைவுக்கு முதலில் கைத்தையலால் ஒரு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு அதன் மேல் இயந்திரத்தை ஓட்டுவது நல்லது. பொப்லினுக்கு 14ஆம் இலக்க ஊசி சரியாக இருக்கும்.

கிண்ணியா வாப்பா:
சகோதரி, இயந்திரம் இல்லாதவர்களுக்காகவும் இதில் ஒரு குறிப்பு இருக்கட்டும். எனது பிள்ளைகளுக்கு நான் இப்படியான உடுப்புகளைக் கையாலேயே தைத்துக் கொடுத்திருக்கிறேன். பழைய மண்ணிறச் சாரம் ஒன்று இருந்தால் துணிச் செலவும் இல்லை. கைத்தையலில் பக்கங்களுக்கும் தோளுக்கும் பின்தையல் போட வேண்டும். வெறும் ஓட்டுத்தையல் பிள்ளை ஓடிய ஓட்டத்தில் பிரிந்துவிடும். நூலைக் கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கும். ஊசியில் கோத்த நூலை ஒரு மெழுகுதிரியின் மேல் ஒருமுறை இழுத்துவிட்டுத் தைத்தால் முறுக்கு விழுவது குறையும். சாரத்தின் நெய்த கரையை அடிப்பக்கத்துக்கு வரும்படி வைத்து வெட்டினால் அடி மடித்துத் தைக்கும் வேலையே இல்லாமல் போகும். அப்படி வெட்டுவதற்கு அடிக்கோடு நேராக இருக்க வேண்டும் என்பதால், சட்டை விரியும் பக்கங்களில் ஓரங்கள் சற்றுக் கீழிறங்கித் தெரியும். பிள்ளைகளின் உடுப்பில் அதை யாரும் கவனிப்பதில்லை.

உப்புவெளி வாசி:
இப்போது வீட்டில் ஒரு புதிய பிரச்சினை. மகள் கொம்பும் வேண்டும் என்கிறாள்.

கோட்டைவீதி அவதானி:
பெண் மானுக்குக் கொம்பு கிடையாது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆண் மானுக்கு மட்டுமே உண்டு, அதையும் அது ஆண்டுக்கு ஒருமுறை உதிர்த்துவிட்டு மீண்டும் வளர்க்கும்.

உப்புவெளி வாசி:
சொன்னேன். அப்படியென்றால் தான் அப்பா மான் என்கிறாள்.

கிண்ணியா வாப்பா:
அப்பா மானாகவே இருக்கட்டும், பிள்ளையின் விருப்பம்தானே. கொம்புக்குக் கம்பி வைக்காதீர்கள். ஓடி விளையாடும்போது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. ரெஜிபோமில் வெட்டினால் ஒருமுறை விழுந்தவுடனேயே உடையும். தடித்த ஃபெல்ட் துணிதான் சிறந்தது. ஃபெல்ட்டின் ஓரம் பிரியாது என்பதால் உட்பக்கம் வெளியே புரட்ட வேண்டியதில்லை. கொம்பு போன்ற ஒடுங்கிய வடிவத்தைப் புரட்டுவது சாதாரண துணியில் எவ்வளவு சிரமம் என்று தைத்தவர்களுக்குத் தெரியும். ஒரே வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஓரம் நெடுகிலும் தைத்துக்கொண்டே போய், கிளை ஒவ்வொன்றும் மூடப்படும் முன் பென்சிலின் பின்முனையால் பஞ்சைத் தள்ளி அடைத்துவிடுங்கள். உயரம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தலைப்பட்டி பாரம் தாங்காமல் சரியும்.

கோட்டைவீதி அவதானி:
கொம்பு வைப்பதென்றால் ஒவ்வொன்றிலும் மூன்று கூர்முனைகள் வரட்டும். கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் வரும் பனிமானின் கொம்பைப் பார்த்து வெட்டாதீர்கள்.

மட்டிக்களி தையற்காரி:
காதும் கொம்பும் எதில் நிற்க வேண்டும் என்று இன்னும் பேசவில்லை. பிளாஸ்ரிக் ஹெயார்பாண்ட் காதுக்குப் பின்னால் அழுத்தி நோகச் செய்யும், சிறிது நேரத்திலேயே பிள்ளை கழற்றி எறிந்துவிடும். தலைமூடி தைத்தால் பாதுகாப்பாக நிற்கும், ஆனால் வெக்கை. துணிப்பட்டிதான் நடுவழி. தைத்து முடித்த பின் 36 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் அகலமும் வரக்கூடிய இரட்டை மடிப்புப் பட்டி ஒன்றைச் செய்து, இரண்டு முனைகளையும் 12 சென்ரிமீற்றர் இலாஸ்ரிக்கால் இணையுங்கள். மொத்தம் 48. தலை 50 என்பதால் இலாஸ்ரிக் சற்றே இழுபடும், இறுக்காது. இலாஸ்ரிக் பிடரிப் பக்கம் வரட்டும், நாடிக்குக் கீழே போட வேண்டாம்.

மானின் காது இலை வடிவம். 10 சென்ரிமீற்றர் நீளம், நடுவில் 7 அகலம், வெளியே மண்ணிறம், உள்ளே வெள்ளை. சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் வைக்கும் கன்வஸில் ஒரு துண்டை நடுவே வைத்தால் காது தொங்காது. புரட்டி அயர்ன் பண்ணிய பின், அடிப்பகுதியை நடுவில் ஒரு மடிப்பு மடித்துத் தைத்துவிட்டுப் பட்டிக்குள் செருகுங்கள். இந்த ஒரு மடிப்பு இல்லாவிட்டால் காது தட்டையாக நின்று முயலையும் மாட்டையும் மாறி மாறி நினைவூட்டும். கொம்பு பட்டியின் நடுவிலும் காதுகள் அவற்றுக்கு வெளியே பக்கவாட்டிலும் வர வேண்டும். கொம்புக்குரிய இடத்தில் பட்டியின் உள்ளேயும் கன்வஸ் வையுங்கள். வெறும் துணி அதைத் தாங்காது.

மூதூர்க்காரன்:
வாசித்துக்கொண்டே வருகிறேன். தைக்கும் எண்ணம் எனக்கு இன்னமும் வரவில்லை, ஆனால் ரீச்சர் சொன்னவை மனதில் நிற்கின்றன. வாடகை உடுப்பு எடுப்பவர்கள் எவற்றைப் பார்த்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

நிலாவெளி ரீச்சர்:
நல்ல கேள்வி, தம்பி. முதலில் முகமூடி. பிள்ளைக்கு அதை மாட்டிவிட்டு, கீழே கிடக்கும் ஒரு பொருளை எடுத்து வரச் சொல்லுங்கள். தடுமாறினால் முகமூடியை விட்டுவிட்டு மூக்கில் கண்மையால் ஒரு கரும்பொட்டு வைத்தாலே போதும். கண்மையோ வேறு பூச்சோ எதுவானாலும் முதல் நாள் முழங்கைக்கு உட்பக்கம் சிறிது தடவிப் பார்த்துவிட்டு முகத்தில் பூசுங்கள். அடுத்தது, உடுப்பின் கால் நீளம் பாதத்தைத் தாண்டக்கூடாது. சிப்பின் உட்பக்கம் துணியால் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய மணிகளும் கண்களும் இழுத்தால் கழன்று வருகின்றனவா என்று இழுத்தே பார்க்க வேண்டும். முடிந்தால் துவைத்துப் போடுங்கள், முடியாவிட்டால் உள்ளே மெல்லிய கொட்டன் பெனியனும் நீளமான கொட்டன் களிசானும் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் இடத்துக்கு வினோத உடை போட்ட பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். மயிர்வைத்த பொலியெஸ்ரர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கொட்டனும் எரியக்கூடியதுதான், அதிலும் தளர்ந்து தொங்கும் துணியில் விரைவாகப் பற்றும். ஆகவே வீட்டில் தைத்த உடுப்பென்றாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பிள்ளைகளை விளக்கு ஏற்ற வைத்துப் படம் எடுக்கும் ஆசை எங்களுக்கு எல்லாம் உண்டு, அதை உடை மாற்றிய பின் வைத்துக்கொள்ளலாம்.

உப்புவெளி வாசி:
சட்டை முடிந்துவிட்டது. பழைய கட்டில் விரிப்பைத் தேயிலையில் தோய்த்தேன். முதுகுக் கோட்டுக்கு ஆசிரியை அம்மா சொன்ன இரும்புச் சட்டி முறையையே பயன்படுத்தி, தனியாக ஒரு சிறு துண்டைத் தோய்த்து, அதை நாடாவாக வெட்டிப் பின்பக்கத்தின் நடுவே வைத்துத் தைத்தேன். கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் இவ்வளவு இயல்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். துணியோடு துணியாக, மானின் முதுகில் இருப்பது போன்ற மங்கிய கருமை அது. விலாப்பக்கத்துப் புள்ளிகள் முழுவதும் மகளின் கைவேலை. ஒரு பக்கத்தில் அடர்ந்தும் மறுபக்கத்தில் ஐதாகவும் இருக்கின்றன, நான் திருத்தவில்லை.

முன்பிளவில் வெல்குரோ வைத்தது பெரிய வசதி. போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அவள் காலையில் எழுந்ததும் அதைத் தானே மாட்டிக்கொண்டு முற்றத்தில் பாய்ந்து திரிகிறாள். வாலைக் கழற்றி மாட்டுவதே தனி விளையாட்டாகிவிட்டது. தேயிலைச் சாயம் போட்ட துணியை எப்படித் துவைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை:
தனியாக, குளிர்ந்த நீரில், கடுமையற்ற சவர்க்காரம் போட்டு, கையால் துவையுங்கள் பிள்ளை. வெளுக்கும் திரவங்கள் எதுவும் படக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள்; நமது வெயிலில் போட்டால் விரைவில் நிறம் மங்கிவிடும். மங்கினாலும் மீண்டும் ஒருமுறை தேயிலையில் தோய்க்கலாம், புள்ளிகளின் மேல் வர்ணம் இருப்பதால் அவை பெரிதாக நிறம் மாற மாட்டா.

கிண்ணியா வாப்பா:
தையற்கார சகோதரியிடம் ஒரு கேள்வி. எனது கடைசி மகனுக்கு இரண்டு வயது. மார்பளவு 50, தலை 48, தோளிலிருந்து முழங்கால் வரை 44. அக்காமார் போட்டதைப் பார்த்து அவனுக்கும் ஆசை. இதே வெட்டைச் சிறிதாக்கினால் போதுமா?

மட்டிக்களி தையற்காரி:
பெரும்பாலும் போதும், அண்ணா. அகலம்: 25 உடன் தளர்வு ஏழரை, தையலுக்கு 3 சேர்த்து முப்பத்தைந்தரை. அடியில் 45. நீளம் நாற்பத்தெட்டரை. அக்குள் இறக்கம் 15. ஆனால் கழுத்தை அதே விகிதத்தில் சிறிதாக்கிவிடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பு சிறியதே தவிர, தலை நான்கு வயதுப் பிள்ளையின் தலையைவிட 2 சென்ரிமீற்றர்தான் குறைவு. கழுத்து அகலத்தை 11 ஆக வெட்டி, பிளவை அதே 12 சென்ரிமீற்றராக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதுக்குப் பொத்தான், மணி, ஒட்டிய கண் எதுவும் வேண்டாம், வாய்க்குள் போகும். கொம்பையும் விட்டுவிடுங்கள். தலைப்பட்டியை இரண்டு வயதுப் பிள்ளை தலையில் வைத்திருக்காது என்பதால், காதுகளை அவன் வழக்கமாகப் போடும் கொட்டன் தொப்பியிலேயே தைத்துவிடலாம். வாலின் வெல்குரோத் துண்டை 4 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வெட்டி, நான்கு ஓரமும் இரண்டு முறை தையுங்கள். சாரத்தில் தைப்பதென்றால் கோடு போட்ட பகுதியை அடிப்பக்கம் விட்டுவிட்டு, நடுவிலுள்ள வெறும் மண்ணிறப் பகுதியிலிருந்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எடுங்கள்.